கன்ரீன் கொப்பியில் இல்லாத பெயர்

கன்ரீன் ரோஸ்டர் போடுகிற வேலையை யாராவது கேட்டு வாங்குவார்களா? இராஜேஸ்வரி கேட்டு வாங்கினார். ஹோம்புஷ் பக்கம் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நடத்தும் தமிழ்ப் பாடசாலை அது. இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பிள்ளைகள் வகுப்பில் இருக்க, பெற்றோர் வெளியே வாங்கில்களில் குந்தியிருந்து ஊர்க்கதை பேசுவார்கள். பேசுகிற வாய்க்கு வடையும் ரோல்ஸும் தேத்தண்ணியும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு கிழமையும் மூன்று பெற்றோர் கன்ரீனில் நின்று பொரிக்கவும் ஊற்றவும் கழுவவும் வேண்டும். யார், எப்போது என்று நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைப்பது இராஜேஸ்வரியின் பொறுப்பு. வட்சப் குழுவை அவர் நம்புவதில்லை. அதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கிழமை நாட்களில் அவருக்குப் பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை. ஊசிக்கு அழாதவர்கள்கூட இவருடைய ரோஸ்டர் போன் வந்தால் அழுவார்கள் என்று கணவர் சிவபாலன் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். ஒன்பது வருடங்களாக வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் யாராவது ஒருவர் அழைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமிக்கு முழங்கால் வலி, காருக்கு ரயர் போய்விட்டது. மாற்று ஆள் பிடிப்பதற்குள் இராஜேஸ்வரிக்குத் தலை வெடித்துவிடும்.

போன வருடம் பெப்ரவரியில் அந்தத் தலையிடி தீர்ந்தது. தீர்த்து வைத்தது லக்சிகா.

பதினான்கு வயதுப் பிள்ளை. கிளிநொச்சிப் பக்கம். தகப்பன் இல்லை. பாடசாலையில் பிள்ளைகள் படிக்கும் விக்னராஜா, மிருணாளினி தம்பதியோடு வந்திருந்தாள். மிருணாளினியின் ஒன்றுவிட்ட சகோதரியின் மகளாம். "எங்களோட இருக்கிற பிள்ளை" என்று மிருணாளினி முதல் நாளே அறிமுகம் செய்துவைத்தார். அதே வயதுடைய சொந்த மகள் அக்ஷரா புத்தகப்பையோடு நாலாம் அறைக்குப் போனாள். சின்ன மகன் ஒன்றாம் அறைக்குப் போனான். லக்சிகா கன்ரீனுக்குள் வந்து, யாரும் சொல்லாமலே வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

அவள் வடை தட்டுகிற வேகத்தைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை. பாத்திரம் கழுவினால் பளபளக்கும். அதிகம் பேசமாட்டாள். எப்போது பார்த்தாலும் அக்ஷராவின் பள்ளிக்கூடப் பெயர் பொறித்த பழைய கம்பளி ஜம்பர்தான் போட்டிருப்பாள். அதைப் பார்த்த எல்லோரும், பிள்ளை அக்ஷராவோடு சேர்ந்து படிக்கிறது என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இராஜேஸ்வரியும் கேட்கவில்லை.

கேட்பதற்கு எங்கே நேரம்? வெள்ளிக்கிழமை போன் வந்தால் அவர் இப்போது பதறுவதில்லை. "பரவாயில்லை, மிருணாளினியின்ர பிள்ளை நிக்கும்" என்பார். பெற்றோரும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முழங்கால் வலிகள் கூடின. ரயர்கள் அடிக்கடி காற்றுப்போயின. வராத ஆளின் பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'மிரு.' என்று எழுதுவார் இராஜேஸ்வரி. மிருணாளினி வீட்டுப் பிள்ளைதானே. யூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் கொப்பியைப் புரட்டிக் கணக்குப் பார்த்தபோது, அரை வருடத்தில் ஆகக் கூடுதலான நாள் தொண்டு செய்தவர் மிருணாளினி என்று வந்தது. அதிபர் கோபாலகிருஷ்ணன் பொன்னாடை போர்த்தினார். மண்டபமே கைதட்டியது. அந்த நேரம் லக்சிகா உள்ளே தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அந்த வருடக் கலைவிழாவில் சாப்பாட்டுப் பொதி விற்கிற காசு ஹெயிற்றி நாட்டுக்கு என்று முடிவானது. யோசனை சுபாங்கனுடையது. சிவில் எஞ்சினியர், இரண்டு வருடம் ஹெயிற்றியின் வடக்கில் ஒரு சிறு நகரத்தில் தண்ணீர்க் குழாய் போடுகிற வேலைக்குப் போய் வந்தவன். அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லி நகரத்துக் குடும்பங்கள் அழைத்துப் போவார்களாம். படிப்பு நடக்காது, வேலைதான் நடக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளை மீட்க ஒடெட் என்ற தையல்காரப் பெண்மணி தன் தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறார். அந்தக் குழுவுக்குத்தான் உதவி. எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். பிள்ளைகள் படும் பாடு எங்களுக்குத் தெரியாததா என்று மிருணாளினியே எழுந்து இரண்டு வார்த்தை பேசினார்.

கலைவிழா முடிந்து காசும் போய்ச் சேர்ந்தபின், ஓகஸ்டில் ஒடெட்டிடமிருந்து கடிதம் வந்தது. சுபாங்கன் அதை ஆங்கிலத்தில் ஆக்கி இராஜேஸ்வரியிடம் கொடுத்தான்.

"அன்ரி, இதைத் தமிழில எழுதி அடுத்த கிழமை அசெம்பிளியில வாசிப்பீங்களா? என்ர தமிழ் ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கும்."

இராஜேஸ்வரி கன்ரீன் மேசையில் இருந்தே எழுதி முடித்தார். முடித்ததும் யாருக்காவது வாசித்துக் காட்டவேண்டும் போலிருந்தது. அன்றைக்கு முறைக்குரிய மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. லக்சிகா மட்டும் வடைக்கு மாவு அரைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, இதைக் கேட்டிட்டு விளங்குதோ எண்டு சொல்லு" என்று இராஜேஸ்வரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"நாங்கள் வீடு வீடாகப் போவோம். போலீஸ்காரரைப் போலப் போகமாட்டோம். கோப்பி குடிக்க வந்தவர்களைப் போலப் போவோம். இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்போம். ஐந்து என்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் கேட்டு எழுதுவோம். நாலு பிள்ளைக்கு வகுப்பு இருக்கும். ஐந்தாவது பிள்ளை அந்த நேரம் தண்ணீர் எடுக்கப் போயிருக்கும். அது எங்கள் பிள்ளை மாதிரி என்பார்கள். சொந்தப் பிள்ளையை யாரும் மாதிரி என்று சொல்வதில்லை. அந்தப் பெயருக்குக் கீழே கோடு போடுவோம். அழுகிற பிள்ளையை யாரும் கண்டுபிடிக்கலாம். ஊரெல்லாம் கெட்டிக்காரி என்று புகழ்கிற பிள்ளையைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். எல்லோருக்கும் முதல் எழும்பி, எல்லோருக்கும் பிறகு சாப்பிடுகிறவள் அவள்தான்."

வாசித்து முடித்து நிமிர்ந்தார். லக்சிகா துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"விளங்குதோ?"

"ஓம் அன்ரி." துவாயை மடித்துக் கொடியில் போட்டாள். பிறகு கேட்டாள். "அங்க உண்மையா ஆக்கள் வந்து கேப்பினமா?"

இராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். ஜம்பரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களின் நரம்பைத் தொட்டே தேடிப் பிடிக்கிறவர், கண்முன்னால் நின்ற பிள்ளையைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"நீ எத்தினையாம் வகுப்பு, பிள்ளை?" ஏழு மாதம் பிந்திக் கேட்டார்.

"அங்க ஒன்பது முடிச்சனான். இங்க சேர்க்கிறன் எண்டுதான் சொன்னவை. பிறகு விசா மாத்தினாப் பிறகு எண்டவை. இப்ப மெல்பேன் பக்கம் மல்கிரேவுக்குப் போகவேணுமாம். அங்க இருக்கிற இன்னொரு சின்னம்மாவுக்கு இரட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. போனால் அங்க பள்ளிக்கூடத்தில சேர்ப்பினமாம்."

"எப்ப போறாய்?"

"நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிறு." சொல்லிவிட்டு அவள் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினாள். இடைவேளை மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே சட்டம் தெரிந்தவர்கள் யாரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, நல்ல மாதிரிக் கதைத்துத் தீர்க்கப் பார்ப்போம். மறுநாள் ஞாயிறு பின்னேரம் இராஜேஸ்வரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மிருணாளினி வீட்டுக்குப் போனார். தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் லக்சிகா. அவள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து இராஜேஸ்வரி மெதுவாகத் தொடங்கினார்.

"மிருணாளினி, இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம். மல்கிரேவுக்கு அனுப்பாதேங்கோ."

மிருணாளினியின் முகம் கறுத்தது. கெட்ட மனுஷி என்று அவரை யாரும் சொன்னதில்லை. வீடு விற்கிற நிறுவனத்தில் வேலை, வாயில் எப்போதும் சிரிப்பு, கோயில் திருவிழா என்றால் முன்வரிசை.

"அக்கா, நான் அவளை என்ர பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறன். அங்க இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? இங்க மூண்டு நேரமும் சாப்பிடுறாள். தாய்க்கு நாங்கள் பார்த்துக் காசு அனுப்புறம். பாஸ்போட்டைக்கூட தொலைச்சுப் போடுவாள் எண்டு நான்தான் கவனமா வச்சிருக்கிறன்."

"வீட்டு வேலை எல்லாம் அவள்தானே செய்யிறாள்?"

"உங்கட கன்ரீன் வேலையை ஆர் அக்கா செய்தது?" மிருணாளினி குரலை உயர்த்தவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. "கொப்பியில எழுதினது நீங்கள். அவளின்ர வடையைத் திண்டது நீங்கள் எல்லாரும். இப்ப எனக்குப் பாடம் எடுக்க வந்திட்டியள். ஞாயிறு வரைக்கும் ஏன்? வியாழக்கிழமையே அனுப்பிவிடுறன். உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

கதவு மரியாதையாகத்தான் சாத்தப்பட்டது. இராஜேஸ்வரி காரில் ஏறி, சாவியைப் போடாமல் இருந்தார். நல்லது செய்யப் போய், பிள்ளைக்கு இருந்த ஒரு கிழமையை நாலு நாளாக்கிவிட்டு வந்திருக்கிறார். மல்கிரேவில் பிள்ளையைத் தெரிந்த ஒருவரும் இல்லை. அங்கே சனிக்கிழமை கன்ரீன்கூட இல்லை. வியாழக்கிழமை விமானம் ஏறிவிட்டால் லக்சிகா ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அதன் பிறகு யார் போய் எந்தக் கதவைத் தட்டுவது?

பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்திருந்த வேதவல்லி, பரமட்டாவில் ஒரு சட்ட உதவி மையத்தில் வழக்கறிஞர். திருச்சிக்காரி. திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இராஜேஸ்வரி ஆஸ்பத்திரிச் சீருடையோடேயே போய் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழத்தையும் மறைக்கவில்லை.

வேதவல்லி குறுக்கே பேசாமல் கேட்டார். "அவங்க வீட்டுக்கே போயிட்டீங்களா? சரி விடுங்கக்கா, ஆனது ஆச்சு. இனி தனியா எதுவும் பண்ணாதீங்க. பதினாலு வயசுப் பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பாம வேலை வாங்குறது, பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கறது, இதுக்கெல்லாம் இந்த நாட்டுச் சட்டத்துல பேர் இருக்கு. நான் இன்னிக்கே போலீஸுக்கு ரிப்போர்ட் பண்றேன்."

"பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ? விசாவும் மாத்தேல்லையாம்."

"அப்படி உடனே ஏத்தி அனுப்பிட மாட்டாங்க. இந்த மாதிரி குழந்தைங்களுக்குன்னு வழி இருக்கு, அத நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இது லீவுக்கு வந்த சொந்தக்காரப் பொண்ணுன்னு அவங்க சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள நடந்தத யாரும் பாக்கல. சனிக்கிழமை நடந்தத நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

இராஜேஸ்வரி கைப்பையிலிருந்து நீலக் கொப்பியை எடுத்து வைத்தார். வேதவல்லி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்த 'மிரு.' யாரு?"

"எழுதினது மிருணாளினி எண்டு. நிண்டது பிள்ளை." இராஜேஸ்வரி குனிந்துகொண்டார். "மிருணாளினி ஒரு நாளும் கன்ரீன் பக்கம் வந்ததில்லை. சனிக்கிழமைதானே அவவுக்கு ஆகப் பெரிய வேலை நாள். விக்கிற வீடுகளை அவ திறந்து காட்டுற நேரம் எல்லாம் இணையத்தில கிடக்கும், பார்த்தால் தெரியும்."

"இருபத்திமூணு சனிக்கிழமை." வேதவல்லி எண்ணி முடித்தார். "ஒரு தடவைகூட அந்தப் பொண்ணு பேர் இல்ல."

ஒரு தடவைகூட இல்லைதான். பெயர் தெரியாமல் இல்லை. எழுதத் தோன்றவில்லை.

செவ்வாய் பின்னேரம் இராஜேஸ்வரி வீட்டு வரவேற்பறையில் கதிரைகள் போதவில்லை. முறைக்கு வராமல் விட்ட பதினான்கு பேரையும் அவர் அழைத்திருந்தார். ரோஸ்டருக்கு ஒருநாளும் ஒழுங்காக வராதவர்கள் இதற்கு ஒழுங்காக வந்துவிட்டார்கள். வேதவல்லி விஷயத்தைச் சொன்னார். சுபாங்கன் ஒடெட்டின் கடிதத்தை வாசித்தான். ரேடியோச் செய்தி போலத்தான் வாசித்தான், ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் பேசியவர் அதிபர் கோபாலகிருஷ்ணன். "எல்லாம் சரி. ஆனால் பொலிஸ் எண்டு போனால் பாடசாலையின்ர பெயர் என்னாகும்? இருபது வருஷமாக் கட்டிக் காத்த பெயர். ஒரு குடும்பத்தை நாங்களே காட்டிக் குடுத்தது எண்டு சனம் கதைக்காதோ?"

"பெயர் கெட்டது யூன் மாசம், சேர். பொன்னாடை போர்த்தின அண்டைக்கு" என்றார் இராஜேஸ்வரி. "ஹெயிற்றிப் பிள்ளையளுக்கு எண்டு சாப்பாட்டுப் பொதி கட்டினம். அந்தப் பொதிக்கு வெங்காயம் வெட்டினது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஒருத்தரையும் குறை சொல்ல நான் உங்களைக் கூப்பிடேல்லை. நான்தான் முதல் ஆள். இந்தாங்கோ, நான் எழுதிப்போட்டன்."

அவர் எழுதியதை வாசித்தார். அரைப்பக்கம். 'எனக்கு வசதியாக இருந்ததால் நான் கேட்கவில்லை' என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு மீதியையும் வாசித்து முடித்தார்.

பிறகு பின்வரிசையில் இருந்த சுஜீதன் எழுந்து வந்தான்.

"என்ர பேர் அதில அஞ்சு தரம் வெட்டியிருக்கு. மகனுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனான். மகனுக்கு ஒண்டும் இல்லை. நான் கிரிக்கெட் மச் பாக்கப் போனனான். பேனையைத் தாங்கோ அன்ரி."

அவன் மேசையில் குனிந்து எழுதத் தொடங்கியதும் மற்றவர்களுக்கு வழி திறந்தது. ஒரு தாய் எழுதிக்கொண்டே விம்மினார். இன்னொருவர், நான் இரண்டு நாள்தான், மூன்று இல்லை என்று கொப்பியோடு வாதாடினார். வாதாடியபடியே எழுதினார். இரண்டு பேர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எங்களுக்கு ஏன் சோலி என்று போய்விட்டார்கள். இன்னொருவர் கணவனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார், திரும்பி வரவில்லை. பதினான்கில் பதினொன்று. எல்லோரும் போனபிறகும் கோபாலகிருஷ்ணன் சப்பாத்து மாட்டாமல் வாசலில் நின்றார். திரும்பி வந்து, ஒரு தாளை எடுத்து, 'பொன்னாடையை ஆளை விசாரிக்காமல் போர்த்தியவன் நான்' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இதுவும் உதவுமோ, பிள்ளை?" என்று வேதவல்லியைக் கேட்டார்.

"ரொம்ப உதவும் சார்" என்றார் வேதவல்லி.

புதன்கிழமை பத்து மணிக்கு இரண்டு பெண் அதிகாரிகள் மிருணாளினி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே போகக்கூடாது என்று வேதவல்லி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இராஜேஸ்வரி தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு இருந்தார். லீவு போட்டிருந்தார். பிள்ளை பயந்துபோய் ஒன்றும் சொல்லாவிட்டால்? நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடிய பிள்ளைதான். யாருக்கும் கரைச்சல் கொடுக்காத பிள்ளை என்று எல்லோரும் சேர்ந்துதானே அவளை வளர்த்து வைத்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அதிகாரி ஒருவரோடு லக்சிகா வந்தாள். கையில் ஒரே ஒரு பை. குளிர்காலம் முடியாத நேரம், ஆனாலும் அந்த ஜம்பரைக் காணவில்லை. தெருமுனைக் காரை அவள் கண்டுவிட்டாள். அதிகாரியிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டியதும் இறங்கி ஓடி வந்தாள். இராஜேஸ்வரிக்குக் காரின் கதவைத் திறந்து இறங்கக்கூட நேரம் இல்லை.

"கேட்டவை அன்ரி" என்றாள் மூச்சிரைக்க. "போனில மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் ஒராள் இருந்தவ. எத்தினை மணிக்கு எழும்புறனி, எங்க படுக்கிறனி எண்டு எல்லாம் கேட்டவை. நான் சொன்னனான். எல்லாம் சொன்னனான்."

"நல்லது பிள்ளை. நல்லது." இராஜேஸ்வரி காரிலிருந்து இறங்கினார். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அக்ஷராவுக்குப் பள்ளிக்கூடம் போக மனமில்லையாம், வீட்டிலதான் நிண்டவள். கராஜுக்குள்ள நான் படுக்கிற இடத்தை அவள்தான் கதவைத் திறந்து காட்டினவள். அவளை ஒருத்தரும் ஏசக்கூடாது அன்ரி. ஜம்பரை அவளிட்டக் குடுத்திட்டு வந்தனான்."

அதன் பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடக்கவில்லை. படிவங்கள், நேர்காணல்கள், காத்திருப்பு. லக்சிகா துங்காபியில் ஒரு தமிழ்த் தம்பதியின் பராமரிப்பில் இருக்க ஒழுங்காயிற்று. தாயோடு ஒவ்வொரு நாளும் பேசினாள். படிப்பாள் என்று நம்பித்தானே அனுப்பினேன் என்று அந்தத் தாய் அழுதார். திரும்பிப் போவதா, இங்கே இருந்து படிப்பதா என்று லக்சிகாவிடமே கேட்டார்கள். படிக்கிறேன் என்றாள். வேதவல்லி அதற்கான விசாவுக்கு ஓடித் திரிந்தார். விக்னராஜா குடும்பத்தின் மேல் விசாரணை நடந்தது. அவர்கள் பாடசாலையை விட்டு விலகினார்கள். கோயிலில் இராஜேஸ்வரியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருகிறார். கன்ரீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் மூன்று கிழமையும் வடை கல்லாக இருந்தது. சுஜீதன் பொரித்த ரோல்ஸைத் தின்ற ஒருவருக்குப் பல் போயிற்று என்று ஒரு கதை உலாவியது.

அந்த வருட முடிவில் சுபாங்கன் நடந்ததை எல்லாம் ஒடெட்டுக்கு எழுதினான். பாராட்டு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பதில் இரண்டு வரியில் வந்தது. 'அந்தப் பிள்ளை இப்போது எத்தனையாம் வகுப்பு? மற்ற வீடுகளில் கேட்டுவிட்டீர்களா?'

அதைப் படித்த இராஜேஸ்வரிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு புதிய நீலக் கொப்பி ஒன்று வாங்கினார். பெப்ரவரியில் பாடசாலை தொடங்கியபோது, கன்ரீன் முறைக்கு முன்னால் அதில் வேறு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பிள்ளைகள், பெயர் என்ன, கிழமை நாளில் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு. சொந்தப் பிள்ளையோ, வந்து நிற்கிற பிள்ளையோ, எல்லாப் பெயரும் வேண்டும். பெற்றோர் முணுமுணுத்தார்கள். இவ ஏன் எங்கட வீட்டுக்குள்ள மூக்கை நுழைக்கிறா என்றார்கள். முணுமுணுத்தாலும் எழுதிக் கொடுத்தார்கள். முறை மாற்றுவது என்ற பேச்சே இல்லை. காய்ச்சல் வந்தால் மருந்து குடித்துவிட்டு வா என்றுவிட்டார்.

கொப்பியின் நாலாம் பக்கத்தில் லக்சிகாவின் பெயர் இருந்தது. கிழமை நாளில், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் நிலையம். சனிக்கிழமையில் தமிழ், நாலாம் அறை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. முறைப்படி இராஜேஸ்வரிதான் கன்ரீனில் நின்றார். இடைவேளையில் பிள்ளைகள் வரிசையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் ஏழாவதாக லக்சிகா நின்றாள், முன்னால் நின்ற பெட்டையோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டு. ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நிமிடத்தில் கோப்பையோடு திரும்பி வந்தாள்.

"அன்ரி, இது ஆறிப்போச்சு. சூடா வேற தாங்கோ."

ஒன்பது, இல்லை பத்து வருடத்தில் இராஜேஸ்வரியிடம் தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். அவர் ஒன்றும் பேசாமல் கேத்தலை மறுபடி கொதிக்க வைத்து, பால் விட்டு, சீனி போட்டு, கலக்கிக் கொடுத்தார். சந்தோஷத்தில் சீனி ஒரு கரண்டி கூட விழுந்துவிட்டது.

லக்சிகா நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடிக்கும்போது மணி அடித்தது. கோப்பையை யன்னல் கட்டையில் அப்படியே வைத்துவிட்டு, "போட்டு வாறன் அன்ரி" என்று வகுப்புக்கு ஓடினாள். கழுவ வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

இராஜேஸ்வரி அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.